துத்தி இல்லை, கார்போகரிசி

அடையாறு பாலத்தின் பாதியில்தான் தகர டின்னைத் தோள் மாற்றினேன். மேல்மூடி வெட்டிய எண்ணெய் டின். முக்கால்வாசி செம்மண், அதில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி. வெட்டிய விளிம்பு தோளை அறுக்காமலிருக்க மாற்று லுங்கியை நாலாக மடித்து வைத்திருந்தேன். சட்டை ஒன்றும் சீப்பும் பாலித்தீன் பையில், இடது கையில். எனக்கிருந்த சாமான் அவ்வளவுதான்.

பின்னால் நர்சரி இருந்தது. மூன்று வருடம் தினமும் பார்த்த இடம். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று மதியம் பெசன்ட் நகரில் ஒரு வீட்டுக்குப் பூந்தொட்டி இறக்கிவிட்டுத் திரும்பியபோது, பம்பு ஷெட்டுக்குப் பின்னால் நான் வரிசையாக வைத்திருந்த பத்துப் பைகளிலும் ரோஜாக் குச்சிகள் நின்றன. அவற்றில் இருந்த என் செடிகள் குப்பைமேட்டில் வேரோடு காய்ந்துகொண்டிருந்தன. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்.

"இன்னாடா மொறைக்கிற? துத்திக்கு எவனாவது பை குடுப்பானா? டின்னுல ஒண்ணு கீதே, அதையும் புடுங்கிப் போட்டு டின்ன கழுவி வை."

"அது துத்தி இல்ல மொதலாளி. கார்போகரிசி."

"தோடா! ரெண்டு வருசமா இதையே சொல்லிக்கினு கீறான். நைனா, நான் பொறந்ததே செடிங்க நடுவுல. களைன்னா களை."

ரோஜாக் குச்சி நட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் டின்னைத் தூக்கினேன்.

"எங்க போற? மண்ணு என்னுது" என்றார்.

"டின்னு என்னுது. மண்ண எப்படிப் பிரிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அதற்கும் அவர்கள் சிரித்தார்கள். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போ, போ. மண்ணத் தின்னு பொழச்சிக்கோ" என்று விதையைத் துப்பினார். அவரோடு என் வேலை அப்படி முடிந்தது.

முதலில் பஸ் நிறுத்தத்துக்குத்தான் போனேன். கண்டக்டர் டின்னைப் பார்த்ததும் விசில் அடித்துவிட்டார். சரி என்று நடந்தேன். மந்தைவெளி வழியாக மயிலாப்பூர் குளத்துப் பக்கம் ஒரு நாட்டுமருந்துக் கடை இருந்தது. அங்கே எனக்கு ஒரு ஸ்டூல் இருந்தது. அதாவது, இந்தச் செடியைப் பூவும் காயுமாகக் கொண்டுபோய் நிறுத்தினால் எனக்கென்று சொல்லப்பட்ட ஸ்டூல்.

அதைச் சொல்ல மில்லில் இருந்து தொடங்க வேண்டும்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று சரியாகச் சொல்ல முடியாது. அதன் பிறகு நிறைய இடங்களில் இருந்தேன். தேனாம்பேட்டையில் டீக்கடை, தி. நகரில் ஜவுளிக்கடை மாடியில் மூட்டை ஏற்றுவது, ஒரு லாட்ஜில் படுக்கை உதறுவது. எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. மயிலாப்பூரில் ஒரு மாவு மில்லில் மட்டும் இரண்டரை வருடம்.

அந்த மில்லில் நாலு மெஷின். அரிசி, கோதுமை, மிளகாய், கடைசி மூலையில் சீயக்காய். குளியல் பொடியும் அந்தச் சீயக்காய் மெஷினில்தான் அரைக்க வேண்டும். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், கார்போகரிசி எல்லாவற்றையும் மூன்று நாள் மொட்டைமாடியில் காயவைத்து, டப்பாவில் எடுத்து வருவார்கள். எந்த டப்பாவுக்கு அடுத்து எந்த டப்பா என்பதில் பெரிய சண்டையே நடக்கும். சீயக்காய்க்கு அடுத்துப் போட்டால் பொடியில் நெடி ஏறும் என்பார்கள். அதனால் நடுவில் ஒரு பிடி நொய்யரிசியை ஓட்டிக் கல்லைத் துடைப்பேன்.

கார்போகரிசிதான் அதில் தொல்லை. கறுப்பாக, மிளகில் பாதி அளவு, சிறுநீரக வடிவில் இருக்கும். எண்ணெய்ப்பிசுக்கு. தனியாகக் கொட்டினால் கல்லில் தார் மாதிரி அப்பிக்கொள்ளும். மெஷினை நிறுத்திச் சுரண்ட வேண்டும். பயறோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முழுசாக இருக்கும்போது வாசனை அவ்வளவாகத் தெரியாது. உடைந்தால்தான் வரும்: பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி, அடியில் ஒரு கசப்பு, மேலே ஒரு இனிப்பு. வேறு எதிலும் அந்த வாசனை இல்லை. அதைச் சுரண்டிய கையோடு வெயிலில் நின்றால் தோல் கறுத்துப் போகும். என் இரண்டு முன்னங்கைகளிலும் அப்படித் திட்டுத் திட்டாக இருந்தது. டப்பாவைத் திறக்காமலே, போட்டிருப்பது இன்னது இன்னது, இன்னது குறைவு என்று சொல்ல எனக்கு ஒரு வருடம் போதுமாயிருந்தது. மாமிகள் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் பயறு கூட்டுவார்கள்.

பிறகு மிளகாய்த்தூள் நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமலில் சிவப்பாகக் கண்டதும், மில்லை விடு என்று டாக்டர் சொன்னார். விட்டேன். காற்றாவது நல்லதாக இருக்கட்டும் என்றுதான் நர்சரிக்குப் போனேன்.

நர்சரியில் சேர்ந்த முதல் தை மாதம், ஆதம்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்குக் குரோட்டன்ஸும் புல்தரையும் இறக்கப் போனோம். வேலைக்கு நடுவில் பக்கத்துக் காலி மனையில் ஒதுங்கப் போனேன். மழைக்குப் பின் முளைத்த புதர், முழங்காலுக்கு மேல். திரும்பி வரும்போது லுங்கியில் உரசிய ஏதோ ஒன்று என்னை நிறுத்தியது. சீயக்காய் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆதம்பாக்கத்தில், திறந்த வெளியில்.

குனிந்து ஒவ்வொரு செடியாகக் கிள்ளி முகர்ந்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ, அதுதான். வட்டமான இலை, ஓரத்தில் பல். வெயிலுக்கு நேரே பிடித்தால் இலை முழுக்க ஊசியால் குத்திய மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். தண்டிலும் அதே புள்ளி. இலைக்காம்பின் இடுக்கில் இருந்து நீளமான ஒரு குச்சி, அதன் நுனியில் ஊதாப் பூக்கள் கொத்தாக. ஒவ்வொன்றும் அரிசி அளவுதான். நகத்தால் ஒன்றைப் பிரித்தேன். மேலே விரிந்த ஒரு இதழ், இரண்டு பக்கமும் சிறகு, கீழே படகு மாதிரி ஒன்று. அவரைப் பூவை எத்தனை முறை பார்த்திருக்கிறேன், சங்குப்பூவையும் பார்த்திருக்கிறேன். அதே அமைப்பு. பட்டாணி, அவரை, துவரை எல்லாம் எந்தக் குடும்பமோ, இதுவும் அந்தக் குடும்பம். இலையைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். காயைப் பார்த்தாலும் நம்பமாட்டார்கள். அவரைக்காய்க்குள் வரிசையாக விதை இருக்கும். இதில் ஒரு காய்க்கு ஒரே விதை, காய் வெடிக்கவே வெடிக்காது, தோலோடு ஒட்டிப்போய் அப்படியே கறுத்துவிடுகிறது. நான் மில்லில் விதை என்று நினைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தது முழுக் காயை என்று அன்றுதான் தெரிந்தது.

காய்ந்த கொத்து ஒன்றை உருவி இரண்டு கல்லுக்கு நடுவில் நசுக்கினேன். சந்தேகமே இல்லை.

அந்த வீட்டு வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, துத்தி பறிக்கிறியா? மூலமா?"

"இது துத்தி இல்லண்ணே."

"வெக்கப்படாத. எனக்கும் இருந்துச்சு. நெய்யில வதக்கித் துன்னு."

துத்தி எப்படி இருக்கும் என்று அன்றே வேலியோரம் தேடிப் பார்த்தேன். மஞ்சள் பூ, வெல்வெட் மாதிரி இலை, சக்கரம் மாதிரிக் காய். வாசனை கிடையாது, புள்ளி கிடையாது. தூரத்தில் இருந்து இலையை மட்டும் பார்க்கிறவனுக்குத்தான் இரண்டும் ஒன்று. காய்களைச் சட்டைப் பையில் உருவிப் போட்டுக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்காமல், யாரையும் கேட்காமல் ஒரு செடிக்கு அதன் பெயரைக் கண்டுபிடித்திருந்தேன். வேனில் திரும்பும்போது புல்கட்டுகளுக்கு மேல் உட்கார்ந்து வந்தேன். அந்த அளவு உயரம் எனக்கு அன்று சரியாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் கடைக்குப் போனேன். கடை நடத்தியது திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர், நாற்பது வயதிருக்கும். மில் நாளில் இருந்தே பழக்கம். வருகிற சரக்கை முகர்ந்து, உடைத்து, நல்லது கெட்டது பார்த்து வாங்கியது அவர் வீட்டுக்காரர். அவருக்கு மூக்கில் ஆபரேஷன் ஆகி, அதற்குப் பிறகு பெருங்காயத்துக்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. தராசுக்குப் பக்கத்தில் அவர் உட்காரும் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அக்கா இரண்டு பேரை வைத்துப் பார்த்து இரண்டு பேரையும் அனுப்பியிருந்தார்.

நான் அந்த ஸ்டூலைக் கேட்டேன். உட்கார்ந்து செய்கிற வேலை எதையும் நான் அதுவரை செய்ததில்லை. மூளையை நம்பி யாரும் எனக்கு வேலை கொடுத்ததும் இல்லை.

"நீ மில்லுல அரைச்சவன்லா. அரைச்ச மாவு தெரியும். சரக்கு தெரியுமா?" என்றார் அக்கா.

"ஆதம்பாக்கத்துல கார்போகரிசிச் செடி பாத்தேன்க்கா."

கடையே சிரித்தது. "ஏல, அது வடக்கேருந்து மூட்டையில வருது. முப்பது வருசமா இந்தக் கடை நடக்கு, செடிய ஒருத்தரும் கண்டதில்ல. ஆதம்பாக்கத்துல மொளைக்காம்!"

"செடியவே கொண்டாந்து காட்டட்டுமா?"

"பூவும் காயுமா கொண்டா. இலையக் காட்டி ஏமாத்தப்படாது. கொண்டாந்துட்டன்னா அந்த ஸ்டூல் ஒனக்குத்தான். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

மறுவாரம் ஆதம்பாக்கத்துக்குப் போனபோது மனையில் கடைக்கால் தோண்டியிருந்தார்கள். ஒரு செடி மிச்சமில்லை. என்னிடம் இருந்தது சட்டைப் பையில் ஒரு பிடி காய்.

முதலில் முப்பது விதை போட்டேன். ஒன்றும் வரவில்லை. அடுத்து வெந்நீரில் ஊறப்போட்டு முப்பது. ஒன்று தலைகாட்டி அழுகிப் போனது. மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. நர்சரி ஆட்கள், செத்த விதை, விட்டுத்தள்ளு என்றார்கள். எனக்கு உளுந்து ஞாபகம் வந்தது. மில்லில் கல்லைக் கொஞ்சம் விலக்கி வைத்து ஓட்டினால் உளுந்து உடையாது, தோல் மட்டும் போகும். இதுவும் எண்ணெய்த் தோல் போர்த்திக்கொண்டு தண்ணீர் உள்ளே போகாமல் உட்கார்ந்திருக்கிறது, செத்துப்போகவில்லை. செங்கல் துண்டு இரண்டை எடுத்து, நடுவில் ஆற்றுமணல் போட்டு, விதையைத் தேய்த்தேன். உடையவும் கூடாது, தோலும் கிழிய வேண்டும். அந்த அழுத்தம் என் உள்ளங்கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் எது உப்பியிருந்ததோ அதை மட்டும் விதைத்தேன். ஆடி மாதம். ஏழாம் நாள் முளைக்கத் தொடங்கி, மொத்தம் பதினொன்று வந்தது.

பதினொன்றும் பிழைத்தது. மழையில் அதற்குத் தண்ணீர் தேங்கக் கூடாது என்று இரண்டே நாளில் புரிந்துவிட்டது, கீழிலை மஞ்சளாகும். பைகளைச் செங்கல் மேல் ஏற்றினேன். மார்கழியில் பூ வந்தது. காய் பிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வேலி இடுக்கில் நுழைந்த ஆடு பதினொன்றையும் அடித்தண்டு வரை மேய்ந்துவிட்டது.

ஒரு வருடப் பயிர், ஒருமுறை காய்த்தால் முடிந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மூட்டை கொண்டுவருகிறவர்கள் சொன்னதாகக் கடையில் அக்காவும் அப்படித்தான் சொல்லியிருந்தார். நான் அடிக்கட்டைகளைப் பிடுங்கவில்லை. கிழிந்த தண்டுகளைச் சரிவாக வெட்டிவிட்டு, தண்ணீரைக் குறைத்து, நிழலில் வைத்தேன். மாசியில் கட்டைகளின் பக்கவாட்டில் பச்சைப் புள்ளிகள் கிளம்பின. ஒரு வருடப் பயிர் இல்லை அது. விட்டால் வருடக்கணக்கில் நிற்கும். வேர் ஆழமாகப் போகிறது, அடித்தண்டு மரமாகிறது. இதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதில் பெரியதை மெஸ்ஸில் கேட்டு வாங்கிய எண்ணெய் டின்னுக்கு மாற்றினேன். அடுத்த மார்கழியில் அது முழுக்கப் பூத்தது. தையில் ஒரே கிளையில் பூவும் பச்சைக்காயும் கறுப்புக் காயும் நின்றன. அந்த வாரம் லீவு கேட்கலாம் என்று இருந்தபோதுதான் மற்ற பத்தும் குப்பைமேட்டுக்குப் போனது.

இப்படித்தான் அந்த டின் என் தோளுக்கு வந்தது.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து இருக்கும். சட்டை நனைந்து, தோள் மரத்துப்போய் இருந்தது. கல்யாண மாதம், கடையில் கூட்டம். ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. டின்னைத் தராசுக்கு முன்னால் இறக்கினேன்.

அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "ஏல, நெசமாவே கொண்டாந்துட்டியே!"

பூவைக் காட்டினேன், காயைக் காட்டினேன். இலையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் புள்ளியைக் காட்டினேன். ஒரு கறுப்புக் காயை நசுக்கி அவர் கையில் வைத்தேன். முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தார்.

"அதேதான். எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு இருந்தா இன்னைக்குக் கூத்தாடியிருப்பாரு." கடைப்பெண்ணிடம் திரும்பினார். "ஏட்டி, மூட்டையிலேருந்து ஒரு கை அள்ளிட்டு வா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்."

வாடிக்கையாளர்களில் இருவர் நகராமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மில்லில் எனக்குத் தெரிந்த மாமி. "நீயா! மில்லை விட்டுட்டு இப்படிக் காட்டுக்குப் போயிட்டியோ?" என்றார்.

கடைப்பெண் ஒரு கை விதையைக் காகிதத்தில் கொட்டினாள். நான் தொட்டதுமே தெரிந்துவிட்டது. கையில் பிசுக்கு இல்லை. பழுப்புக் கலந்த கறுப்பு. முகர்ந்தேன், பூலாங்கிழங்கு வாசனை. மூட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பூலாங்கிழங்கு மூட்டைக்கும் வெட்டிவேர்க் கட்டுக்கும் நடுவில் இருந்தது. பக்கத்துச் சரக்கின் வாசனையை இழுத்துக்கொண்டு அது மணந்துகொண்டிருந்தது. குனிந்து மூட்டையை முகர்ந்த யாரும், நல்ல சரக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஸ்டூல் என்னுடையது. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அவர் என்னை வைப்பதாகச் சொன்னதே இதைப் பார்ப்பதற்குத்தான்.

"அக்கா, இது கார்போகரிசி இல்ல."

"என்னல சொல்லுத?"

பொட்டலம் மடிக்கும் செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்தேன். ஒரு ஓரத்தில் என் செடியின் காய் நாலு, இன்னொரு ஓரத்தில் மூட்டையில் இருந்து நாலு. படிக்கல்லை எடுத்து இரண்டையும் நசுக்கினேன். என்னுடையது இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் பரவி மறுபக்கத்து எழுத்து தெரிந்தது. மூட்டையினது மாவாக உதிர்ந்தது. ஊதினேன், பறந்துபோனது. காகிதத்தில் ஒரு கறை இல்லை.

"இதுதான் துத்தி விதை" என்றேன்.

மாமி கூட வந்தவரின் முழங்கையை இடித்தார். "கேட்டேளா! போன மாசம் அவ்வளவு பாடுபட்டுக் காயவச்சு மில்லுல அரைச்சுண்டு வந்தேன், ஒரு வாசனை இல்லே. மருமக என்னைச் சொன்னா, நான் மில்காரனைச் சொன்னேன். கடைசியில துத்தியையா தேச்சுண்டு குளிச்சிண்டிருந்தோம்?"

"அது மூலத்துக்கு நல்லதுன்னு சொல்வா" என்றார் கூட வந்தவர்.

இருவரும் சிரித்துக்கொண்டே படி இறங்கினார்கள். வாங்க வந்ததை வாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கொஞ்ச நேரம் அந்த எண்ணெய் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை உள்ளே, சரக்கறைக்குக் கூப்பிட்டார்.

குரல் தணிந்துதான் இருந்தது. "நீ பாத்தது சரி. எனக்குக் கண்ணு இருக்கு, தெரியுது. மூட்டைய இன்னைக்கே தூக்கி எறிஞ்சிருதேன். அத நீ சொல்ல வேண்டாம்."

"சரிக்கா."

"ஆனா அந்த மாமி இருக்காவளே, நாளைக்கு விடியுமுன்ன நாலு தெருவுக்கும் சொல்லிருவாவ. கார்போகரிசி மட்டும் இல்ல, எல்லாச் சரக்கும் கலப்படம்னு ஆயிரும். நீ காலையில ஏழு மணிக்கு வா, வந்து ஸ்டூல்ல உக்காரு. அவுக கடைக்கு வரும்போது ஒரு வார்த்தை சொல்லிரு. அவசரத்துல தப்பாப் பாத்துட்டேன், ரெண்டும் ஒண்ணுதான்னு. அம்புட்டுதான்."

நான் சுற்றிப் பார்த்தேன். அறை முழுக்க மூட்டைகள். ஒவ்வொன்றின் பெயரும் மூக்குக்குத் தெரிந்தது. நான் வேலை பார்க்க ஆசைப்பட்ட அறை அது. அவர் கேட்டதும் பெரிய அக்கிரமம் இல்லை. நல்ல சரக்கை வைக்கத்தான் போகிறார். என் வாயில் இருந்து ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"மூட்டைய மாத்துங்கக்கா. கேட்டா, மாத்திட்டோம்னு நானே சொல்றேன். தப்பாப் பாத்தேன்னு மட்டும் சொல்ல வராது."

"ஒரு வார்த்தைதானல."

"ரெண்டும் வேறன்னு சொல்ற ஒரு வார்த்தைக்குத்தான் ரெண்டு வருசம் ஆச்சு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமா, மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "பெருமை சோறு போடாது தம்பி" என்றார். அதுவரை 'ஏல'தான், தம்பி என்றது அப்போதுதான்.

"போடாதுதான்" என்றேன். டின்னைத் தூக்கிக்கொண்டேன்.

தெருமுனையில் பூக்காரியிடம் நின்றுகொண்டிருந்த மாமி கையைத் தட்டிக் கூப்பிட்டார். "வேலை குடுத்தாளா?"

"இல்ல மாமி."

"தெரியும். எனக்கு அந்த விதை கொஞ்சம் தரியா? ஆத்துக் கொல்லையில கிணத்தடியில போடறேன்."

"கிணத்தடி வேண்டாம், அழுகிடும். மேடா, வெயில் படற இடமாப் போடுங்க." காய்ந்த கொத்துகள் இரண்டை உருவிப் பூக்கார அம்மாவின் வாழைநாரில் முடிந்து கொடுத்தேன். மணலில் தேய்ப்பதைச் சொன்னேன், ஊறவைப்பதைச் சொன்னேன், காய்த்து முடிந்ததும் பிடுங்காமல் வெட்டிவிடச் சொன்னேன். மாமி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். படித்த குடும்பம் அது, வீட்டில் இரண்டு புரொபசர். என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்தார்.

அன்றிரவு சாந்தோம் கடற்கரையில் படகு நிழலில் படுத்தேன். உப்புக்காற்று ஆகாது என்று செடிக்கு மாற்று லுங்கியைச் சுற்றிவிட்டேன். எனக்குக் குளிரத்தான் செய்தது. ஆனாலும் நன்றாகத் தூங்கினேன்.

காலை ஏழு மணிக்கு மயிலாப்பூரில் அந்த ஸ்டூல் காலியாக இருந்திருக்கும். நான் அப்போது தேனாம்பேட்டை முனையில், மண்வெட்டியும் பாண்டுச்சட்டியுமாக நிற்கிற ஆட்களோடு நின்றுகொண்டிருந்தேன். என் கையில் மட்டும் டின்.

ஆள் எடுக்க வந்த மேஸ்திரி என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா நைனா, வேலைக்கு வந்தியா, செடி விக்க வந்தியா?"

"வேலைக்கு."

"அத்த எங்க வெப்ப?"

"வேலை செய்யற எடத்துல ஒரு ஓரமா. வெயில் பட்டாப் போதும்."

"இன்னா செடி? துத்தியா?"

"இல்ல. கார்போகரிசி."

"சாமி கும்புடறதா?"

"குளிக்கறதுக்கு. பட்டாணி குடும்பம்."

"சர்தான். உனக்குக் குடும்பம் கீதோ இல்லியோ, அதுக்குக் கீது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பின்னால் வா என்று கைகாட்டினார்.

அண்ணா சாலைக்கு உள்ளே இரண்டு தெரு தள்ளி மூன்று மாடிக் கட்டடம். கீழ்த்தளத்துக்குப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. டின்னை வெயில் படுகிற ஓரமாக இறக்கினேன். மணல் சலிக்கிற வேலை கொடுத்தார். சாய்த்து நிறுத்திய சல்லடையில் நான் மண்வெட்டியால் வாரி வீச வேண்டும். கீழே விழுந்த நைஸ் மணலை ஒரு அம்மா பாண்டுச்சட்டியில் அள்ளிக்கொண்டு போவார். முதல் பத்து வீச்சுக்குள் இருமல் வந்தது. மணலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி வீசினேன்.